வரிசையில் இல்லாததைக் கேட்டவன்

“வரிசையில இல்லாததைக் கேட்டிருக்கேடா நீ! இல்லாததை!”

“எப்பவும் கேட்கிறதைத்தான் மச்சான் கேட்டேன். இத்தனை நாளா இருந்துச்சு. இன்னைக்குக் காலியா இருந்தா அதுக்கு நானா பொறுப்பு?”

“இல்லைன்னு தெரிஞ்சா வாயை மூடிக்கிட்டுப் போகணும். கேட்டே தீரணுமா?”

“உன் பக்கத்துலேர்ந்து காலியா அனுப்பிட்டு என் மேல பாயறியா? வரிசை வைக்க வேண்டியது யாரு, நீயா நானா?”

சேலையூரில் எங்கள் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு ஸ்கூட்டர் போகிற அளவுதான் இடைவெளி. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் காதில் இதெல்லாம் விழுந்தது என்றால் அது காதின் குற்றமல்ல, கட்டடத்தின் குற்றம். முதல் குரல் பக்கத்து வீட்டு ஆரோனுடையது. இரண்டாவது குரல் ஜோனத்தானுடையது. ஆரோனின் தங்கை பிளஸ்ஸியைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். நிச்சயம் முடிந்துவிட்டது, ஈஸ்டர் கழிந்து கல்யாணம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல நினைப்பவர்கள் சொல்லலாம் என்று சபைக்கு முன்னால் வாசிப்பார்களே, அது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். ஒரு பக்கம் மாப்பிள்ளை, ஒரு பக்கம் பெண்ணின் அண்ணன். நடுவே வரிசை, கேட்டது, இல்லாதது, காலி. இதற்கு சீர்வரிசைச் சண்டை என்பதைத் தவிர இந்தத் தாம்பரத்தில் யார் என்ன அர்த்தம் எடுப்பார்கள்? அதுவும் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் உறவுக்காரர் வீட்டுக்குத் தூத்துக்குடி போயிருந்த நேரம். பெரியவர்கள் இல்லாத வீட்டில் மாப்பிள்ளை வாயைத் திறந்துவிட்டான் என்று நான் நினைத்தேன். பையன் சாதுவாச்சே என்றும் நினைத்தேன். சாதுக்கள்தான் கடைசி நிமிஷத்தில் ஃப்ரிட்ஜ் கேட்பார்கள்.

அது அந்த வரிசை இல்லை என்று பின்னால் தெரிந்தது. உங்களை ஏன் காக்க வைக்க வேண்டும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆரோனும் ஜோனத்தானும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். சேர்ந்து ஆரோன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, பங்குச் சந்தையில் வாங்குவதற்கும் விற்பதற்கும் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார்கள். கீழ்க்கட்டளையில் பங்குத் தரகு ஆபீஸ் வைத்திருக்கும் வில்பிரட் என்பவருக்காக. வில்பிரட்டின் வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் ரிட்டையரான வாத்தியார்கள், மீதிப்பேர் கடைக்காரர்கள். “எங்க ஆளுங்களுக்குத் திரையில எல்லாம் தமிழ்ல வரணும் தம்பி” என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார். ஜோனத்தான் தமிழ் டீச்சர் மகன். சும்மா இருப்பானா? பட்டன், பெட்டி, தேதி எல்லாவற்றையும் தமிழாக்கியவன், தப்பு நடந்தால் வருகிற சிவப்பு எழுத்தையும் தமிழாக்கிவிட்டான். கம்ப்யூட்டர்காரர்கள் ‘அர்ரே’ என்று சொல்வார்களாம்: விலைகளை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிற வரிசை. அந்த வரிசையில் இல்லாத ஒன்றைப் புரோகிராம் எடுக்கப் போனால், எல்லா ஊரிலும் இங்கிலீஷில் திட்டும். இவர்களுடையது மரியாதையாகத் தமிழில் திட்டும்: ‘வரிசையில் இல்லாததைக் கேட்டுள்ளீர்கள்.’

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் சந்தை திறந்ததும் வில்பிரட் ஆபீசில் அத்தனை திரையிலும் இந்த வாக்கியம் வந்து நின்றுவிட்டது. வாத்தியார்கள் அதைத் தங்களுக்கான கண்டிப்பாக எடுத்துக்கொண்டு, “நாங்க ஒண்ணும் கேக்கலையே” என்று ஆளாளுக்குக் கையை விரித்திருக்கிறார்கள். ஆபீசைப் பார்த்துக்கொள்கிற கெசியா என்கிற பெண் ஆரோனுக்குப் போன் மேல் போன். அவளுடைய குரல் ஸ்பீக்கரில் எங்கள் மாடிவரை கேட்டது.

“சார், மறுபடியும் அதே சிவப்பு எழுத்து. இங்க ஒரு தாத்தா மன்னிப்பே கேட்டுட்டார் சார்.”

அந்தச் செய்திக்குக் கீழே புரோகிராமில் எந்த வரி என்று எண் வருமாம். அந்த எண், ஜோனத்தான் எழுதிய பகுதியைக் காட்டியது. அங்கேதான் அவன் ஒவ்வொரு கம்பெனியின் வரிசையிலிருந்தும் கடைசி விலையை எடுக்கிறான். அதனால் ஆரோன் அவன் மேல் பாய்ந்தான். ஜோனத்தான், சரி, வரிசை காலியாக இருந்தால் கேட்காமல் தாண்டிப் போ என்று அந்த இடத்தில் ஒரு காவல் போட்டான். உடனே அதே சிவப்பு எழுத்து, இந்தத் தடவை ஆரோன் எழுதிய வரியைக் காட்டியது.

“பாத்தியா, உன் குப்பையைத் தள்ளி என் வாசல்ல விட்டுட்டே!” என்று ஆரோன் கத்தியதும் அதற்குத்தான். எனக்கு என்ன தெரியும்? கொண்டுவந்த சாமானை வாசலில் இறக்கிவிட்டான் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். வாசலில் செருப்புகள்தான் இருந்தன.

அதற்கப்புறம் பேச்சு கம்ப்யூட்டரை விட்டு இறங்கியது. யார் ராத்திரி சரியாகச் சோதிக்காமல் தூங்கப் போனது, யார் எப்போதும் தன் தப்பை ஒத்துக்கொள்வதே இல்லை, காலேஜில் பிராஜெக்ட் நாளன்று யார் சினிமாவுக்குப் போனது. பழைய சாக்கு மூட்டைகளை எல்லாம் அவிழ்த்தார்கள். கடைசியில் ஆரோன் சொன்னான்:

“போதும்டா. நாளையிலேர்ந்து இந்த வேலைக்கு நீ வராதே.”

“வேலைக்கு மட்டுமா, வீட்டுக்குமா?”

“ரெண்டுக்கும்தான். இப்பவே இப்படின்னா என் தங்கச்சியை வச்சு எப்படிக் குடும்பம் நடத்துவே? ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்க வேணாம்னு பாஸ்டர்கிட்ட நானே சொல்லிடறேன்.”

“இதை ஓட வச்சுட்டுப் போயிடறேன்” என்றான் ஜோனத்தான், குரலை இறக்கி. கத்துகிறவன் திடீரென்று குரலை இறக்கினால் அதுதான் பயம். என் கையில் இருந்த ஈரப் புடவையை உலர்த்த மறந்து நின்றேன். பிளஸ்ஸி நல்ல பெண். சிறுசேரியில் பெரிய கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. சம்பளம் கொடுத்து அவளிடம் ஊரே தப்பைக் காட்டுகிறது, அண்ணனும் மாப்பிள்ளையும் மட்டும் தங்கள் எழுத்தை அவள் கண்ணில் காட்டமாட்டார்கள். மானம் போய்விடுமாம். அன்று அவள் கீழ் அறையில் கதவைச் சாத்தி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். தன் தலைக்கு மேலே தன் கல்யாணம் இடிந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது.

நான் ஒரே ஒருத்தரிடம்தான் சொன்னேன். அதை அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கிற காந்திமதி, வேலைக்குக் கிளம்பும்போது தானாகத்தான் கேட்டாள்.

“இன்னா தனம் அக்கா, மேல ஒரே கூவலா கீது?”

“மாப்பிள்ளைப் பையன் வரிசை கேட்கிறான்டி. இல்லாததைக் கேட்டானாம். ஆரோன் ஓலையே வேண்டாம்னுட்டான்.”

“யாரு, நம்ம பம்மல் டீச்சரம்மா புள்ளையா? பூனை மாதிரி வந்துகினு போய்கினு இருந்தானே! அடப்பாவி!”

காந்திமதி பம்மலில் தோல் கையுறை தைக்கிற பட்டறையில் வேலை செய்கிறாள். அந்தப் பட்டறைக்கு இரண்டு வீடு தள்ளித்தான் ஜோனத்தானின் அம்மா, ரிட்டையரான மெட்டில்டா டீச்சர் வீடு. இதை நான் அப்போது யோசிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை, விடுங்கள்.

ஷேர் ஆட்டோவில் போகிற வழியிலேயே விஷயம் வளர்ந்திருக்கிறது. நான் கொடுத்தது வெறும் ‘வரிசை’. குரோம்பேட்டை தாண்டும்போது அது பீரோவும் கட்டிலுமானது. பல்லாவரத்தில் பைக் சேர்ந்துகொண்டது. பம்மலில் போய் இறங்கும்போது, ‘மேல்மாடியை எழுதி வச்சாத்தான் தாலி’ என்கிற அளவுக்கு முற்றியிருந்தது. அதை அப்படியே கொண்டுபோய் டீச்சர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள் காந்திமதி.

மெட்டில்டா டீச்சரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய கல்யாணத்தில், பேசின பீரோ வந்து சேரவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் கோயில் வாசலிலேயே நின்றுகொண்டார்களாம். பீரோ ஏற்றின வண்டி வந்து சேர்கிறவரை மணப்பெண் பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாராம். அந்தப் பீரோ இன்னமும் அவர் வீட்டில் இருக்கிறது, அதில் அவர் துணி வைப்பதில்லை. மகனுக்குப் பெண் பேச வந்த அன்றே, “எங்க வீட்டுக்குப் பொண்ணு மட்டும் வந்தா போதும், ஒரு கரண்டி கூட வரக்கூடாது” என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னவர். அப்படிப்பட்டவர் காதில் இது விழுந்தால்?

மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு ஆட்டோ வந்து நின்றது. டீச்சர் இறங்கினார். கையில் குடை, தோளில் பை. வாசலில் நின்ற என்னைக் கூடப் பார்க்காமல் மாடிப்படி ஏறினார். ஒரு படிக்கு ஒரு “ஜோனத்தான்!”

அந்த நேரம் பார்த்து என் துண்டு ஒன்று அவர்கள் வீட்டு மாடிக்குப் பறந்துவிட்டது. காற்றே இல்லாத நாள்தான். இருந்தாலும் பறந்தது. எடுக்கப் போக வேண்டியதாயிற்று.

அறையில் மூன்று திரை, அத்தனையிலும் சிவப்பு. ஜோனத்தான், ஓட வைக்க முடியாதென்று கைவிட்டு, தன் பையில் லேப்டாப்பைத் திணித்துக்கொண்டிருந்தான். ஆரோன் ஜன்னலைப் பார்த்து நின்றான். டீச்சர் குடையை மேஜை மேல் வைத்தார்.

“நில்லுடா. எங்க போறே? என்ன கேட்டே நீ? அதைச் சொல்லு முதல்ல.”

“அம்மா, நீங்க எப்படி இங்க?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. வரிசையில என்ன கேட்டே?”

ஜோனத்தான் முழித்தான். இந்தச் சண்டை பம்மல்வரை எப்படிப் போனது என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனால் அம்மா கேட்டால் பதில் சொல்லி வளர்ந்த பையன்.

“கடைசியா இருக்கிறதைக் கேட்டேன்மா.”

“கடைசியா இருக்கிறதையா? அதைக் கூட விட்டு வைக்க மனசு வரலியா உனக்கு?”

“அது எப்பவும் இருக்கும்மா. இன்னைக்குத்தான் இல்ல.”

“இல்லைன்னா விட்டுட வேண்டியதுதானே!”

ஆரோன் சட்டென்று திரும்பினான். துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் அவன் முகத்தில். “கரெக்ட் ஆன்ட்டி! அதைத்தான் நானும் காலையிலேர்ந்து சொல்றேன். இல்லைன்னா கேட்கக் கூடாது. இவன் கேட்டான், எல்லாம் நின்னு போச்சு.”

“நின்னு போச்சா?” டீச்சர் ஆரோன் பக்கம் திரும்பினார். “ஆரோன், ஆன்ட்டி உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்ப்பா. இப்படி ஒருத்தனை வளர்த்ததுக்கு. உங்க அப்பா வந்ததும் அவர்கிட்டயும் கேட்கறேன்.”

“ஐயோ ஆன்ட்டி, இதுக்குப் போய் மன்னிப்பெல்லாம்... தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்.”

“இது தப்பு இல்லப்பா. பாவம்!”

ஆரோன் கொஞ்சம் அசந்துதான் போனான். ஒரு புரோகிராமில் வந்த கோளாறுக்கு இவ்வளவு கடுமையான வார்த்தையை அவன் கூடக் காலையிலிருந்து சொல்லவில்லை. இதற்குள் டீச்சரின் சத்தம் ஹெட்போனையும் மீறிக் கேட்டு, பிளஸ்ஸி மேலே ஓடிவந்தாள். வாசற்படியில் என்னையும் துண்டையும் இடித்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் அவளைப் பார்த்தார். பையைத் திறந்து ஒரு அட்டையை வெளியே எடுத்தார். கல்யாணப் பத்திரிகை. அன்று காலைதான் பம்மல் அச்சகத்தில் மாதிரி வாங்கியிருந்தார். ‘ஜோனத்தான் & பிளஸ்ஸி’ என்று தங்க எழுத்து.

“இதைப் பாருடா. உன் பேரையும் இந்தப் பொண்ணு பேரையும் சேர்த்து வைக்க நடுவுல ஒரு குறி போட்டிருக்காங்க பாரு. அந்தக் குறியிலேயே கத்தரிச்சிடறேன். உன் பேரு இருக்கிற பாதியை நீ வச்சுக்கோ. பாதிப் பத்திரிகையைக் கொண்டுபோய் ஊரெல்லாம் கொடு. யாருக்குடா தெரியும் அது என்ன கல்யாணம்னு? மண்டபம் காலியாத்தான் கிடக்கும்!”

ஜோனத்தான் அந்த அட்டையை வாங்கினான். அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. அந்த & குறியையே பார்த்தான்.

“குறியில கத்தரிச்சா...” என்றான்.

“என்னடா முணுமுணுக்கறே?”

“பாதிப் பேரு. காலியா வரும்.” திரும்பினான். “ஆரோன். நேத்து நம்ம பட்டியல்ல ஏதாவது கம்பெனி சேர்த்தியா?”

ஆரோன் தலையைச் சொறிந்தான். “நேத்து சாயங்காலம் கெசியா போன் பண்ணா. ஒரு வாத்தியாருக்கு ஒரு மில் ஷேர் வேணுமாம். ஒரே ஒரு பேருதான் சேர்த்தேன். அதைப் போய் உன்கிட்ட என்ன சொல்றதுன்னு...”

“என்ன பேரு?”

ஆரோன் வாயைத் திறந்தான். மூடினான். பிறகு மெதுவாகச் சொன்னான், “கே அண்ட் டி மில்ஸ்.”

“எப்படி எழுதினே?”

“கே, அப்புறம்... அந்தக் குறி. அப்புறம் டி.”

பிளஸ்ஸி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அண்ணா! அந்தக் குறியை அப்படியே அனுப்பினா அது பேரோட நடுவுலேயே வெட்டிடும்ணா!”

பின்னால் ஒரு நாள் அவள் எனக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இவர்கள் புரோகிராம் விலை வேண்டும் என்று வேறொரு கம்ப்யூட்டரிடம் போய்க் கேட்கும். கம்பெனி பெயரைச் சொல்லிக் கேட்கும். அந்தக் கம்ப்யூட்டருக்கு & என்றால், ‘பேர் இதோடு முடிந்தது, அடுத்த சமாசாரம் ஆரம்பம்’ என்று அர்த்தமாம். ஆக ‘கே&டி’ என்று எழுதினால் அதன் காதில் ‘கே’ மட்டும்தான் விழும். எனக்கு வரிசை மட்டும் விழுந்த மாதிரி. ‘கே’ என்று ஒரு கம்பெனி கிடையாது. கிடையாது என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் வம்பில்லை. அது மரியாதையாக, உள்ளே ஒன்றும் வைக்காத மொய்க் கவர் மாதிரி, ஒரு காலி வரிசையைக் கொடுத்து அனுப்பியது. ஆரோனின் பகுதி அதை வாங்கிப் பத்திரமாக உள்ளே வைத்தது. ஜோனத்தானின் வரி அதைத் திறந்து பார்த்தது. கவரை யார் வைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. திறந்தவன் தலையில்தான் விழும்.

பிளஸ்ஸியே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அவளைத் தடுக்கவில்லை, நகர்ந்து இடம் விட்டார்கள். அந்தக் குறியை அனுப்ப வேண்டிய விதத்தில் மாற்றி எழுதினாள். ஓட விட்டாள். சிவப்பு போய்விட்டது. பச்சையும் கறுப்புமாக எண்கள் மேலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தன. ஸ்பீக்கரில் கெசியா, “வந்துடுச்சு சார்! வந்துடுச்சு! தாத்தா கை தட்டறார் சார்!” என்றாள்.

டீச்சருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. “என்னடா நடக்குது இங்க? நான் கேட்டதுக்குப் பதில் வரலியே. சீர் கேட்டியா, கேட்கலியா?”

“சீரா?” ஜோனத்தான் அப்போதுதான் அம்மாவைச் சரியாகப் பார்த்தான். “அம்மா! சீர் இல்லம்மா, ஷேர்!”

“ஷேரா?”

“ஷேர் வரிசைம்மா. சீர்வரிசை இல்ல. நான் தமிழ்ல எழுதி வச்சேன்ல, அந்த வரிசை!”

டீச்சர் திரையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து, “கொஞ்சம் தண்ணி” என்றார். பிளஸ்ஸி ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே தரையில், அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

“எனக்காகவா பம்மல்லேர்ந்து ஓடி வந்தீங்க?”

“பின்னே? உன்கிட்ட ஒரு ஊசி கேட்டான்னாலும் இவனை நான் வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டேன்.”

“இவங்க உங்க மகன்.”

“அதுக்கு? நீ வெயில்ல நிக்கணுமா?”

பிளஸ்ஸிக்குப் பீரோ கதை தெரியும். அவர் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். “தேங்க்ஸ் அத்தை” என்றாள். அதுவரை ஆன்ட்டி ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

இந்தப் பக்கம் ஆரோன் சுவரைப் பார்த்தபடி, “மச்சான், பேரு சேர்த்தது நான்தான்” என்றான்.

“ம். எந்தக் கம்பெனி வரிசைன்னு சொல்லாம மொட்டையா ஒரு செய்தி எழுதி வச்சது நான்தான். பேரு போட்டிருந்தா காலையிலேயே முடிஞ்சிருக்கும்.”

“பாஸ்டர்கிட்ட நான் இன்னும் பேசல.”

“தெரியும். உன் போனைத்தான் காலையிலேர்ந்து கெசியா விடலையே.”

அவ்வளவுதான். லேப்டாப் பையிலிருந்து மறுபடி வெளியே வந்தது. நானாயிருந்தால் இதை வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ்வரை சொல்லிக் காட்டியிருப்பேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சண்டையை நீட்டி அனுபவிக்கத் தெரியவில்லை.

அப்போதுதான் டீச்சர் கேட்டார், “காந்திமதிக்கு இதை யார் சொன்னது?”

நாலு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் துண்டைப் பார்த்தேன். மடித்தேன். இன்னொரு தடவை மடித்தேன். வாங்கப் போகிற வசவுக்குத் தயாராகத்தான் இருந்தேன், நாம் வாங்காததா.

ஜோனத்தான் வந்து என் முன்னால் நின்று, “தனம் ஆன்ட்டி, ரொம்ப நன்றி” என்றான்.

குத்திக் காட்டுகிறான் என்று நினைத்தேன். இல்லை. பையன் கண் கலங்கியிருந்தது. “நீங்க மட்டும் தப்பாக் கேட்கலைன்னா அம்மா வந்திருக்க மாட்டாங்க. நான் கிளம்பிப் போயிருப்பேன். போனா திரும்பி வந்திருப்பேனான்னு தெரியல.”

என்னைப் பற்றி இந்தத் தெருவில் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். ஒட்டுக்கேட்டதற்கு நன்றி என்று ஒருத்தர் வாயால் நான் கேட்டது அன்றுதான். “சாப்பிட்டீங்களா எல்லாரும்?” என்று கேட்டு வைத்தேன். யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. என் வீட்டில் இருந்த சாம்பாரையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் மேலே கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை என்று நான் மீன் வாங்கவில்லை, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலம் என்று அவர்கள் கறி தொடுவதில்லை. பொருந்திப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. தூத்துக்குடியிலிருந்து திரும்பியிருந்த பெண்ணின் பெற்றோர், அன்று சாயங்காலம் வீட்டிலேயே, கடவுளுக்கு நன்றி சொல்கிற ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். வீடு கட்டினால், பிள்ளை பிறந்தால், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் வைப்பார்கள். ஒரு & குறிக்காக வைத்தது உலகத்திலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும். பாஸ்டருக்கு விஷயத்தை எவ்வளவு தூரம் விளக்கினார்களோ தெரியாது. “காலியாய் இருந்தவைகளை நிரப்பினவருக்கு ஸ்தோத்திரம்” என்று பொதுவாக ஜெபித்து முடித்துவிட்டார். புத்திசாலி.

பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்லவேண்டும், அதாவது எதற்கு நன்றி என்று. ஆரோன் எழுந்தான். “தப்பு ஒரு இடத்துல இருந்துச்சு, சத்தம் ஒரு இடத்துல வந்துச்சு. நான் சத்தம் வந்த இடத்துல போய் அடிச்சேன். என் மச்சான் பொறுத்துக்கிட்டான். அதுக்கு ஸ்தோத்திரம்” என்றான். நான் ஜோனத்தானைப் பார்த்தேன். அவன் அவ்வளவெல்லாம் பொறுத்துக்கொண்டதாக என் காதுக்குத் தெரியவில்லை. ஆனால் கூட்டத்தில் அதைச் சொல்லவா முடியும்?

வில்பிரட் ஒரு பெரிய பிளம் கேக்கோடு வந்திருந்தார். “அன்னைக்கு ஒரு நாளாவது எங்க வாத்தியாருங்க திரையை விட்டு எழுந்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துப் பேசினாங்க. அதுக்கு நன்றி” என்றார். கெசியாவும் வந்திருந்தாள். குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை, இத்தனூண்டு இருந்தாள். ஆரோன் அவளுக்கு இரண்டு தடவை கேக் எடுத்துக் கொடுத்ததை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. இந்தத் தடவை நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னேன், ஆனால் காந்திமதியிடம் இல்லை.

மெட்டில்டா டீச்சர் கடைசியாக எழுந்தார். தமிழ் டீச்சர், நிறையப் பேசுவார் என்று எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தோம். “எனக்கு ஒரு பொண்ணு கிடைச்சிருக்கா. ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஈஸ்டர் கழிந்து கல்யாணம் நன்றாக நடந்தது. மண்டபம் நிறைந்து, எங்கள் தெருக்காரர்களுக்கு இரண்டாம் பந்தியில்தான் இடம் கிடைத்தது. ஜோனத்தானும் பிளஸ்ஸியும் சிறுசேரிக்குப் பக்கத்தில் நாவலூரில் வாடகைக்குப் போய்விட்டார்கள். இப்போது புரோகிராமில் எந்த மாற்றம் செய்தாலும் அவள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் கீழ்க்கட்டளைக்குப் போகிறதாம். டீச்சர் அந்தப் பீரோவைப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டு, பம்மல் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவர்களோடு போய்ச் சேர்ந்தார். தைப்பொங்கலுக்குப் பிறகு ஆரோனுக்கும் கெசியாவுக்கும் கல்யாணம் நடந்தது. அவர்கள் கீழ்க்கட்டளையிலேயே, வில்பிரட் ஆபீசுக்கு மேல் மாடியில் குடியிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு மாடி கொஞ்ச நாள் சும்மா கிடந்தது. போன மாதம் புவனேஸ்வரத்திலிருந்து ஒரு இளம் ஜோடி வந்திருக்கிறது. தினம் காலையில் நன்றாகச் சத்தமாகப் பேசிக்கொள்கிறார்கள், எல்லாம் ஒடியாவில்.